வில்சன் ‘தி டியூக்’: பாலக்காட்டு எல்லையில் குவார்ட்டர்பேக் பழகுபவர்களுக்கு இந்தத் தோல் பந்து தேவையா?

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், அமெரிக்கன் ஃபுட்பாலின் ஒரு வகையான ஃப்ளாக் ஃபுட்பால் உண்டு என்று முடிவானது 2023 அக்டோபரில், மும்பையில் நடந்த ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டத்தில். கிரிக்கெட்டும் அதே கூட்டத்தில்தான் சேர்ந்தது. ஆளுக்கு ஆள் மோதாமல், இடுப்பில் தொங்கும் நாடாவைப் பிடுங்கி நிறுத்தும் ஆட்டம் ஃப்ளாக் ஃபுட்பால். அணிக்கு ஐந்து பேர்; அவர்களில் பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் இதைப் பழக நினைக்கும் பிள்ளைகளுக்கு ஹெல்மெட்டும் தோள் கவசமும் வேண்டாம். வேண்டியது ஒரு நல்ல பந்து. அங்கேதான் பணம் வீணாகிறது.

வில்சன் நிறுவனத்தின் டியூக், அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். ஆட்டங்களில் பயன்படும் அதே பந்து. 1941 முதல் அந்த லீகுக்குப் பந்து கொடுப்பது வில்சன்தான். சிகாகோவின் ஹார்வீன் தோல் ஆலையில் பதப்படுத்திய மாட்டுத்தோலை ஓஹையோ மாநிலத்து ஏடா என்ற சிற்றூரில் நான்கு துண்டுகளாக வெட்டி, உள்புறம் வெளியே இருக்கும்படி தைத்து, நீராவியில் இளக்கிப் புரட்டி, காற்றடைக்கும் உட்பையான பிளாடரை நுழைத்து, கையால் லேஸ் கட்டுகிறார்கள். எடை 14 முதல் 15 அவுன்ஸ், அதாவது சுமார் 397 முதல் 425 கிராம். நீளம் 11 முதல் 11¼ அங்குலம். குறுக்குச் சுற்றளவு 21 முதல் 21¼ அங்குலம். அமெரிக்காவிலேயே விலை 100 டாலருக்கு மேல். அனுப்பும் செலவும் சுங்கவரியும் சேர்ந்தால், அந்தப் பணத்தில் சாதாரண செயற்கைத்தோல் பந்துகள் நாலைந்து வாங்கிவிடலாம்.

வாங்கியவுடன் எறிந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோவார்கள். புதுத் தோல் வழுக்கும். வேர்வைக் கையில் இன்னும் வழுக்கும். அமெரிக்காவிலும் இதே கதைதான். 2006 முதல் ஒவ்வொரு அணியும் தன் குவார்ட்டர்பேக்கின் கைக்குப் பழகிய பந்துகளையே ஆட்டத்துக்குக் கொண்டுவரலாம் என்று விதி மாறியது. குவார்ட்டர்பேக்குகள் பெய்டன் மேனிங்கும் டாம் பிரேடியும் முன்னின்று கேட்ட மாற்றம் அது. இப்போது ஒவ்வொரு அணியும் 12 பந்தும் மாற்றுக்கு 12 பந்தும், ஆட்டம் தொடங்க 2 மணி 15 நிமிடத்துக்கு முன்பே நடுவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பந்துகளைத் தேய்த்துப் பக்குவப்படுத்துவதற்கென்றே அணிகளில் ஆட்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் செய்வது இப்படி. காய்ந்த ஷூ பிரஷ்ஷால் முழுப் பந்தையும் பத்து நிமிடம் தேய்த்து மேல் பளபளப்பை எடுங்கள். துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, தோல் லேசாக நிறம் மாறும் அளவுக்கு மட்டும் துடையுங்கள். ஈரம் போவதற்குள் லெதர் கண்டிஷனரைப் பட்டாணி அளவு எடுத்து, துண்டுக்கு ஒரு தடவை தடவி, மறுபடி பிரஷ். லேஸில் கண்டிஷனர் படக்கூடாது. பட்டால் விரல் நழுவும். ஓரிரவு நிழலில் விடுங்கள். மூன்று நான்கு சுற்று ஆனதும் பந்தின் மேலுள்ள மேடான புள்ளிகள் நன்றாகத் தெரியும், தோல் கருத்து, விரலில் லேசாக ஒட்டும். அப்போதுதான் கொடுத்த காசுக்கு அர்த்தம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். தோல் அதைக் குடித்துத் தொளதொளத்துப் போகும், வாடையும் நிற்கும்.

காற்றழுத்த விஷயத்தில் இந்த ஊர் வெயிலைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். விதிப்படி அழுத்தம் 12.5 முதல் 13.5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). காலை 24 டிகிரியில் 13 வைத்து அடைத்த பந்து, பந்து முழுவதும் 38 டிகிரிக்குச் சூடேறினால் சுமார் 14.3 காட்டும். கல் மாதிரி ஆகிவிடும், பிடி கிடைக்காது, பிடிப்பவன் விரலும் வலிக்கும். 2015 ஜனவரியில் பேட்ரியட்ஸ், கோல்ட்ஸ் அணிகளின் ஆட்டத்தில் பந்தில் காற்று குறைந்தது பெரிய வழக்காகி, பேட்ரியட்ஸின் பிரேடிக்கு நான்கு ஆட்டத் தடை வரை போனபோது, குளிர் எவ்வளவு அழுத்தத்தைக் குறைத்திருக்கும் என்றுதான் விஞ்ஞானிகள் மல்லுக்கட்டினார்கள். நமக்கு அதே கணக்கு தலைகீழ். அதனால் மைதானத்துக்குப் போய், நிழலில், ஆடுவதற்குச் சற்று முன் அழுத்தம் பாருங்கள். சைக்கிள் கடைக் கம்ப்ரசரின் மீட்டரில் ஒரு பி.எஸ்.ஐ. வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 0 முதல் 20 வரை காட்டும் சின்ன மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஊசியை நனைக்காமல் குத்தினால் வால்வு கிழியும். கிழிந்த வால்வு மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும்.

இத்தனைக்கும் மேல், அளவு. பிராண்டை விட இதுதான் முக்கியம் என்று அடித்துச் சொல்லலாம். கையை விரித்து வைத்து, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை அளந்து பாருங்கள். 2020-இல், என்.எஃப்.எல். அணிகள் புது வீரர்களைச் சோதிக்கும் தேர்வு முகாமில் குவார்ட்டர்பேக் ஜோ பரோவுக்கு 9 அங்குலம்தான் இருந்தது, அதையே சிறிய கை என்று பேசினார்கள். 2022-இல் கென்னி பிக்கெட்டின் 8½ அங்குலம் தலைப்புச் செய்தியே ஆனது. 7½ அங்குலக் கை உள்ள பத்தாம் வகுப்புப் பையனுக்கு முழு அளவுப் பந்தைக் கொடுத்தால், அவன் உள்ளங்கையை அழுத்திப் பிடித்துத் தள்ளுவான். சுழற்சி வராது, முழங்கைதான் நோகும். வில்சன் அளவுகளில் டி.டி.ஒய். 12 முதல் 14 வயதுக்கு, டி.டி.ஜே. 9 முதல் 12 வயதுக்கு. கை சிறியதாக இருந்தால் வயதைப் பார்க்காமல் ஓர் அளவு கீழே இறங்குங்கள்.

சரியான பிடியில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் லேஸின் மேல், ஆள்காட்டி விரல் பின் முனைக்கு அருகில் தையலை ஒட்டி, கட்டைவிரல் அடியில். உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. கடைசியாகப் பந்தை விட்டு விலகுவது ஆள்காட்டி விரல். இந்தப் பிடி எந்தப் பந்தில் எளிதாக அமைகிறதோ, அதுதான் உங்கள் பந்து.

ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கினால் ஆகஸ்ட் தாண்டியும் விடாது. எருத்தேம்பதிப் பக்கத்துத் திறந்த வயல்வெளியில் தூக்கி எறிந்த பந்து எங்கேயோ போய் விழும். என்.எஃப்.எல். குவார்ட்டர்பேக் எறியும் பந்து நிமிடத்துக்கு 600 சுற்று அளவில் சுழல்வதால்தான் முனை ஆடாமல் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. பக்குவப்பட்ட டியூக் இங்கே தன் தரத்தைக் காட்டுகிறது: விரல் நழுவாததால் அதே வீச்சில் கூடுதல் சுழற்சி. மலிவான செயற்கைத்தோல் பந்தில் தையல் கோணலாக இருந்தால் நல்ல கைக்கும் தள்ளாடும். முனையை நேராகப் பார்த்து, நான்கு தையலும் ஒரே புள்ளியில் கூடுகின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். ஃப்ளாக்கில் எதிரணி ஆள் 7 கெஜத்திலிருந்து பாய்ந்து வருவான். இரண்டரை வினாடிக்குள் பந்து கையை விட்டுப் போக வேண்டும். பிடியைச் சரிசெய்ய நேரம் இருக்காது.

ஆனால் மழையில் தோல் பந்து தண்ணீரைக் குடித்துக் கனக்கும். ஆடி மாதத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சணம். நனைந்தால் துணியால் ஒற்றி, விசிறிக் காற்றில் காய வையுங்கள். வெயிலிலும் அடுப்புப் பக்கத்திலும் வைத்தால் தோலில் வெடிப்பு விடும். செயற்கைத்தோலுக்கு இந்த வம்பு குறைவு, ஆனால் கார் டிக்கியில் போட்டு வைத்தால் மேல் உரியும். இரண்டுக்குமே சரளை மண் எதிரி: முனைத் தையல்தான் முதலில் போகும்.

ஆகவே, கை 9 அங்குலத்தை நெருங்கி, புல்தரையில் பயிற்சி செய்து, வாரம் ஒருமுறை பிரஷ் எடுக்கத் தயாராக இருப்பவர் டியூக் வாங்கலாம், வருந்த மாட்டார். மற்றவர்கள் டி.டி.ஒய். அளவில் நல்ல செயற்கைத்தோல் பந்து ஒன்று வாங்கி, மிச்சக் காசில் மீட்டரும் நான்கு ஊசியும் எடுக்கட்டும். கடையில் கேட்கும்போது கவனம்: ரக்பி பந்தை எடுத்து நீட்டுவார்கள். லேஸ் இல்லாமல், முனை மழுங்கி, வயிறு பெருத்திருந்தால் அது ரக்பி; அதன் குறுக்குச் சுற்றளவு 58 செ.மீ.க்குக் குறையாது, நம் முழு அளவுப் பந்துக்கே 54 செ.மீ.தான். அதில் பழகிய பிடியை மாற்றுவது பெரும்பாடு. பஞ்சரானால், ரப்பர் பிளாடருக்கு மட்டும் சைக்கிள் கடை ஒட்டு நிற்கும். பாலியூரித்தேன் பிளாடரில் அந்த சொல்யூஷன் பிடிக்காது, லேஸை அவிழ்த்துப் புது பிளாடர்தான் மாற்ற வேண்டும்.