மலையில் பத்மினி: காசை முதலில் எதில் போடுவது?

பழைய பிரீமியர் பத்மினி காரை வீட்டிலேயே பிரித்து வேலை பார்க்கிறேன் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது, "எஞ்சின் என்ன மாத்தப் போறீங்க?" என்றுதான். கோத்தகிரியில் என் பத்மினியைச் சரிசெய்து நாலைந்து மழைக்காலம் ஓட்டிவிட்டேன். என் பதில் இன்னும் அதேதான்: அந்த 1089 சிசி எஞ்சின் அப்படியே இருக்கட்டும், காசைத் தகரத்திலும் பிரேக்கிலும் போடுங்கள்.

ஜீப்புக்கு இருப்பதுபோல இந்த வண்டிக்குத் தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாடிதான் மொத்த பாரத்தையும் தாங்குகிறது. அதனால் தரைத் தகரம் துருப்பிடித்தால் வண்டியின் பலமே போச்சு. காலடி விரிப்பைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். ‘டங்' என்றால் நல்ல தகரம். பொதுக்கென்று உள்ளே இறங்கினால் அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வெல்டு வைத்தே ஆக வேண்டும். பட்டி பூசிச் சமாளிக்கலாம் என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். எங்கள் ஊரில் சில்வர் ஓக் சருகு வேறு பெரிய தொல்லை. வைப்பர் பக்கத்து இடுக்கில் விழுந்து, தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துவிடும். மழைக்கு முன்பு அதையும் கதவுகளின் அடி ஓட்டைகளையும் சைக்கிள் கம்பி விட்டுக் குத்தி விடுகிறேன்.

அடுத்தது பிரேக். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். கோவையில் டிரம்களை லேத்தில் கடைந்து லைனிங், வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் புதிதாகப் போட்டேன். பலர் மறந்துவிடுவது பிரேக் ஆயிலை. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயில் புதிதில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140தான். மூடுபனி ஊரில் வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால்தான் எனக்கு நிம்மதி. பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் வேக்குவம் பூஸ்டர் போட்டவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அது காற்றழுத்தத்தை நம்பி வேலை செய்வது. இந்த உயரத்தில் அந்த அழுத்தமே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எது போட்டாலும் இரண்டாவது கியரில்தான் இறங்க வேண்டும்.

காற்று மெலிவதால், எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரும் பெட்ரோலை அதிகம் விடும், பிளக் கறுத்துவிடும். அதில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு படி சிறியதாகப் போட்டதும் ஏற்றத்தில் இழுவை தெளிவானது. சமவெளியில் நெடுந்தூரம் போவதென்றால் பழைய ஜெட்டையே மாட்டிக்கொள்வேன். தண்ணீரும் இங்கே சுமார் 94 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் நன்றாக இருக்க வேண்டும். டைனமோவை எடுத்துவிட்டு, எஞ்சின் மெதுவாகச் சுற்றினாலும் போதிய மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைப் போட்டேன், ஹெட்லைட்டுக்கு ரிலேயும் வைத்தேன். பனியில் மெதுவாக ஊர்ந்தாலும் இப்போது வெளிச்சம் மங்குவதில்லை.

எஞ்சினை மாற்றியே தீருவேன் என்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைப் படியுங்கள். ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி.யிலும் ஏற்ற வேண்டும்.

இன்னும் குறையாக இருப்பது ரப்பர் சாமான்தான். ஒரு கடையில் வாங்கிய வீல் சிலிண்டர் வாஷர் ஒரே மழைக்காலத்தில் கசிந்துவிட்டது. இப்போதெல்லாம் வாங்கும்போதே விரலால் மடித்துப் பார்க்கிறேன். வெடிப்பு தெரிந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.