அசோகமித்திரனின் இரு நாவல்கள்: 'தண்ணீர்', '18வது அட்சக்கோடு'

1973இல் நூலாக வந்த 'தண்ணீர்', 1977இல் வந்த '18வது அட்சக்கோடு' ஆகிய இரண்டையும் அண்மையில் அடுத்தடுத்துப் படித்தேன். ஒரே ஆசிரியரின், எங்குமே குரலை உயர்த்தாத அதே நடைதான். இருந்தும் இரண்டும் தந்த அனுபவம் வேறு வேறு. அசோகமித்திரனைப் புதிதாகப் படிக்க வருபவருக்கு 'தண்ணீர்' நாவலைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். எனக்கு நெருக்கமானது எது என்று கேட்டால், மற்றொன்றைச் சொல்வேன்.

'தண்ணீர்' சிறிய நாவல். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் பெண்கள். தோண்டிப் போட்ட தெரு. குழாய் நீரில் கலந்துவிடும் சாக்கடை. சினிமா ஆசை காட்டி ஏமாற்றிய பாஸ்கர் ராவால் வாழ்க்கை குலைந்து, சாகத் துணியும் ஜமுனாவும், அவளோடு பிணங்கிப் பிரியும் தங்கை சாயாவும் இந்தத் தெருவில்தான் வாழ்கிறார்கள். ஜமுனாவிடம் டீச்சரம்மா பேசும் பகுதியை மறுபடியும் படித்தேன். நோயாளிக் கணவரையும் மாமியாரையும் வேலையையும் சுமக்கும் அந்தப் பெண் ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்வதில்லை. தான் பட்டதைச் சொல்கிறாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஜமுனாவிடம் ஏற்படும் மாற்றம் பெரிய முடிவாக அறிவிக்கப்படாமல், அன்றாட வேலைகளின் ஊடாகவே தெரியவருகிறது. சிதறல் இல்லாத இந்த இறுக்கம் புதிய வாசகரைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும்.

'18வது அட்சக்கோடு' அவ்வளவு எளிதாக வசப்படுவதில்லை. செகந்திராபாத்தின் ரயில்வே குடியிருப்பில் வளரும் சந்திரசேகரனுக்குக் கிரிக்கெட்டும் நண்பர்களும் கல்லூரியும்தான் உலகம். நாடு 1947இல் விடுதலை பெற்ற பிறகும் ஹைதராபாத் நிஜாமின் ஆட்சியிலேயே இருக்கிறது. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழையும்வரை, நிஜாமின் ஆட்சியை ஆதரித்த ஆயுதப் படையினரான ரஜாக்கர்களைப் பற்றிய அச்சம் அந்தச் சிறுவனின் நாட்களுக்குள் சிறிது சிறிதாகக் கசிகிறது. கதை 'நான்' என்று நகர்ந்துகொண்டிருக்கும்போதே, திடீரென்று 'சந்திரசேகரன்' என்று அவனை வெளியே நின்று பார்க்கத் தொடங்கிவிடுகிறது. தொடக்கத்தில் இந்தத் தாவல் என்னைத் தடுமாறச் செய்தது. போகப்போக, தன்னையே சற்றுத் தள்ளி நின்று பார்க்காமல் அந்த வயதையும் அந்தக் காலத்தையும் ஒருவரால் நினைவுகூர முடியாது என்று தோன்றியது. நடுவில் நினைவுகள் கிளைவிட்டுப் பரவும் இடங்களில் வேகம் குறைகிறது என்பதும் உண்மை.

ஆனால் அந்த இறுதிப் பக்கங்கள்! கலவரத்தில் தப்பி ஓடி ஓர் ஏழை முஸ்லிம் வீட்டுக்குள் விழும் அவனைக் கொள்ளையன் என்று நினைத்து, குடும்பத்தைக் காப்பதற்காக ஓர் இளம்பெண் தன் ஆடையைக் களைந்து நிற்கிறாள். அதுவரை அஞ்சியவனாகவே இருந்தவன், தான் பிறரை அஞ்சவைப்பவனாகவும் இருக்க முடியும் என்பதை அக்கணத்தில் அறிகிறான். 'தண்ணீர்' நாவலில் நான் ஜமுனாவுக்காக வருந்தினேன், அவள் நிமிர்ந்தபோது மகிழ்ந்தேன். இங்கோ அவனுடைய கூச்சத்தில் எனக்கும் பங்கு வந்துவிட்டது. வடிவத்தில் 'தண்ணீர்' மேலானது என்று ஒப்புக்கொண்டும், இந்த ஒரு காரணத்தால்தான் '18வது அட்சக்கோடு' நாவலை ஒரு படி மேலே வைக்கிறேன்.