பழைய சேமிப்புக் கணக்கா, என்ஆர்இயா, என்ஆர்ஓவா: வெளிநாட்டில் இருப்பவர் ஊர்க் கணக்கை எப்படி வைத்துக்கொள்வது?

சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் செய்கிறார்கள். ஊரில் ஏற்கெனவே இருக்கிற சேமிப்புக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு, ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் மனைவியிடமோ அம்மாவிடமோ கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள். மாதாமாதம் அந்தக் கணக்குக்குப் பணம் வருகிறது, வீட்டில் எடுத்துச் செலவு செய்கிறார்கள். வேலை நடக்கிறது என்பதால் யாரும் மாற்றுவதில்லை. ஆனால் இந்த ஏற்பாடு சட்டப்படியும் சரியில்லை, கட்டணக் கணக்குப்படியும் சரியில்லை, வீட்டில் இருப்பவர்களுக்கும் பாதுகாப்பில்லை. மூன்றில் கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிய கவலை.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1999ஆம் ஆண்டின் ஃபெமா என்கிற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, வேலைக்காக நாட்டை விட்டுப் போனதுமே நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். வருமான வரிக்கு நாள் எண்ணுகிற கணக்கு வேறு, இதையும் அதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். போனதும் வங்கிக்குத் தெரிவித்து, பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான) கணக்காக மாற்ற வேண்டும், தேவையில்லை என்றால் மூடிவிட வேண்டும். அப்படியே விட்டால் மீறலுக்கு உட்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சாதாரண ஆள் ஒருவரைத் தேடிவந்து பிடிப்பார்களா என்று கேட்கலாம். ஆனால் பின்னால் ஒரு வீட்டை விற்று அந்தப் பணத்தை வெளிநாட்டுக்கு எடுத்துப்போக நினைக்கும்போது இந்தக் கேள்வி தானாகவே வந்து நிற்கும், அப்போது பதில் சொல்வது கஷ்டம்.

சரி, பழைய கணக்கு கழிந்தது. என்ஆர்இ, என்ஆர்ஓ இரண்டில் எது?

இரண்டுமே ரூபாய்க் கணக்குதான், பாஸ்புக்கில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே வருகிற பணம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம். என்ஆர்இ வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கானது. அதற்கு வரும் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, பணத்தை எப்போது வேண்டுமானாலும் வரம்பில்லாமல் திரும்ப வெளியே கொண்டுபோகலாம். என்ஆர்ஓ இந்தியாவில் வருகிற பணத்துக்கானது: வீட்டு வாடகை, பென்ஷன், டிவிடெண்ட், நிலம் விற்ற பணம். அதன் வட்டியில் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் செஸ் என்கிற கூடுதல் வரியும் சேர்த்து 31.2 சதவீதம் டிடிஎஸ்ஸாக, அதாவது வங்கியே முன்கூட்டிப் பிடிக்கிற வரியாக, போய்விடும். வெளியே கொண்டுபோக ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரம்பு, அதுவும் வரி கட்டியதற்கான ஆவணங்களோடு.

எண்ணாகப் பார்த்தால் தெளிவாகும். சேமிப்புக் கணக்கில் 5 லட்சம் ரூபாய் ஒரு வருஷம் கிடக்கிறது, வட்டி 2.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 12,500 ரூபாய். என்ஆர்இயில் முழுசாக உங்களுக்கு. என்ஆர்ஓவில் 3,900 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். இந்தியாவில் உங்கள் மொத்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம். அமீரகம், சிங்கப்பூர் போன்ற நாடுகளோடு இருக்கும் இரட்டை வரி ஒப்பந்தத்தைக் காட்டி, முதலிலேயே குறைவாகப் பிடிக்கச் சொல்லவும் வழி உண்டு, அந்த நாட்டின் வரி வசிப்பிடச் சான்றிதழ் வேண்டும். ஆனால் இதற்கெல்லாம் அலைவதைவிட, சம்பளப் பணத்தை என்ஆர்ஓவில் போடாமல் இருப்பது சுலபம். ஒருமுறை என்ஆர்ஓவுக்குள் போய்விட்டால் அதை என்ஆர்இக்கு மாற்றுவதும் அந்த 10 லட்சம் டாலர் வரம்புக்கும் ஆவணங்களுக்கும் உட்பட்டுத்தான்.

ஆகவே என் முடிவு: சம்பளத்துக்கு என்ஆர்இ, ஊரில் ஏதாவது வருமானம் இருந்தால் மட்டும் கூடவே ஒரு என்ஆர்ஓ. ஊரில் வாடகையோ நிலமோ இல்லாதவர் இரண்டு கணக்கு வைத்து இரண்டுக்கும் குறைந்தபட்ச இருப்பு காக்க வேண்டிய அவசியமில்லை. அந்த இருப்பு விஷயத்தில் அரசு வங்கிகள் இப்போது பரவாயில்லை. இருப்பு குறைந்தால் விதிக்கும் அபராதத்தை ஸ்டேட் வங்கி 2020லேயே எடுத்துவிட்டது, கனரா வங்கி 2025 ஜூனிலிருந்து என்ஆர்ஐ சேமிப்புக் கணக்குகளையும் சேர்த்தே எடுத்துவிட்டது. தனியார் வங்கிகளில் ஆப் வசதியும் போன் சேவையும் மேல், ஆனால் இருப்பு குறைந்தால் அபராதம் வெட்டுவார்கள். கணக்கில் எப்போதும் பெரிய தொகை வைத்திருப்பவருக்குத் தனியார் வங்கி பொருந்தும். வந்த பணம் அந்த மாதமே வீட்டுச் செலவுக்குக் காலியாகிற குடும்பத்துக்கு அரசு வங்கியே போதும்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என்ஆர்இ வட்டிக்கு வரி இல்லை என்பது இந்தியாவுக்கு மட்டும்தான், அமெரிக்காவில் அதைக் காட்டித்தான் ஆக வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்த்து வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்கிற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையையும் அமெரிக்க அரசிடம் தாக்கல் செய்ய வேண்டும். அமீரகத்தில் தனிநபர் வருமான வரியே இல்லை என்பதால் அங்கே இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது.

இனி முக்கியமான இடம், வீட்டில் இருப்பவர்கள் பணம் எடுப்பது. இதற்கு நடைமுறையில் மூன்று வழி இருக்கிறது: உங்கள் ஏடிஎம் கார்டைக் கொடுத்துவிட்டுப் போவது, வங்கியில் எழுதிக் கொடுத்து அவர்களை அதிகாரம் பெற்றவராக ஆக்குவது, அவர்கள் பெயரிலேயே உள்ள கணக்குக்கு மாதம் ஒருமுறை மாற்றிவிடுவது.

கார்டைக் கொடுப்பது சுலபம்தான், ஆனால் கார்டையும் பின்னையும் இன்னொருவரிடம் கொடுத்தாலே வங்கியின் நிபந்தனையை மீறியதாகிவிடும். அந்தக் கார்டில் ஏதாவது மோசடி நடந்தால், பின் நம்பரை நீங்களே பகிர்ந்தீர்கள் என்று சொல்லி வங்கி கைகழுவிவிடலாம். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. கணக்கு வைத்திருப்பவருக்கு அங்கே ஏதாவது ஆகிவிட்டால், உயிர் போன பிறகு அந்தக் கார்டில் பணம் எடுப்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை, தகவல் தெரிந்ததும் வங்கி கணக்கை நிறுத்திவிடும். கையில் கார்டு இருக்கும், கணக்கில் பணம் இருக்கும், ஆனால் வீட்டில் அரிசி வாங்க வழி இருக்காது. உடலை ஊருக்குக் கொண்டுவர அலைகிற நேரத்தில் ஒரு குடும்பம் இதையும் சேர்த்துத் தாங்க வேண்டுமா?

இரண்டாவது வழி, மேண்டேட் என்கிற அதிகாரக் கடிதம் அல்லது பவர் ஆஃப் அட்டர்னி. இதில் வீட்டில் இருப்பவர் முறைப்படி பணம் எடுக்கலாம், உள்ளூர்ச் செலவுகளைக் கட்டலாம். ஆனால் உங்கள் சார்பாக யாருக்கும் அன்பளிப்பாகப் பணம் கொடுக்க முடியாது, வேறொருவருடைய என்ஆர்இ கணக்குக்கு மாற்ற முடியாது. நெருங்கிய உறவினரை ஃபார்மர் ஆர் சர்வைவர் என்ற முறையில் கூட்டுக் கணக்குதாரராகவும் சேர்க்கலாம். நீங்கள் இருக்கும்வரை அவர் அதிகாரம் பெற்றவர் போல இயக்குவார், உங்களுக்குப் பின் கணக்கு அவருக்கு. வயதான பெற்றோருக்கு மருத்துவச் செலவு எப்போது வருமென்று தெரியாத வீட்டுக்கு இது நல்ல ஏற்பாடு.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. மனைவி பெயரில் ஒரு சாதாரணச் சேமிப்புக் கணக்கு, அவருடைய சொந்தக் கார்டு, அவருடைய போனுக்கே ஓடிபி. உங்கள் என்ஆர்இயிலிருந்து மாதம் ஒன்றாம் தேதி தானாகப் பணம் போகும்படி நிரந்தர உத்தரவு போட்டுவிடலாம். சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் செய்யும் நெஃப்ட் பணமாற்றத்துக்கு 2020 ஜனவரியிலிருந்து கட்டணமே இல்லை, மனைவிக்குக் கணவர் கொடுக்கும் பணத்துக்கு வரியும் இல்லை. அவர் யாரையும் கேட்காமல் எடுப்பார், மிச்சம் பிடித்தால் அது அவர் கணக்கில் நிற்கும், ஜிபேயில் மளிகைக் கடைக்குக் கொடுத்துவிட்டால் ஏடிஎம் பக்கமே போக வேண்டியதில்லை. இத்தனை வருஷம் வீட்டைத் தனியாக நடத்துகிற ஒருவர் தன் பெயரில் ஒரு கணக்கு இல்லாமல் இருப்பது நியாயமே இல்லை.

அங்கிருந்து நேரடியாக மனைவி கணக்குக்கே அனுப்பிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். வீட்டுச் செலவுக்கு மட்டும் என்றால் தாராளமாக அனுப்பலாம். சேமிப்பையும் சேர்த்து அனுப்பினால், நாளைக்கு அதைத் திரும்ப வெளியே எடுக்க என்ஆர்இயின் சுதந்திரம் இருக்காது. ஆகவே சேமிப்பு என்ஆர்இயில், செலவு அவர் கணக்கில்.

அப்புறம் ஏடிஎம் கட்டணம். சொந்த வங்கியின் ஏடிஎம்மில் மாதம் 5 தடவை இலவசம். மற்ற வங்கி ஏடிஎம்மில் சென்னை போன்ற ஆறு பெருநகரங்களில் 3 தடவை, திருவாரூர், தென்காசி போன்ற ஊர்களில் 5 தடவை. அதைத் தாண்டினால் 2025 மே மாதத்திலிருந்து ஒரு தடவைக்கு 23 ரூபாய் வரை வாங்கலாம், ஜிஎஸ்டியோடு 27 ரூபாய் 14 காசு. மற்ற வங்கி ஏடிஎம்மில் இருப்பு பார்ப்பதும் இந்த எண்ணிக்கையில் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பணம் வந்துவிட்டதா என்று ஏடிஎம்முக்குப் போய்ப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மிஸ்டு கால் கொடுத்தோ ஆப்பிலோ பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் இந்தக் கட்டணமே வராது.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது என்ன செய்கிறோம்? வெளிநாட்டு வங்கியின் கார்டை ஊர் ஏடிஎம்மில் சொருகுகிறோம். ஒரு தடவைக்குப் பல இயந்திரங்கள் 10,000 ரூபாய்தான் தரும், உங்கள் வங்கி 3 சதவீதம் போல எடுத்தால் 30,000 எடுப்பதற்கு 900 ரூபாய் போய்விடும், அதோடு தடவைக்கு ஒரு கட்டணம் வேறு. திரையில் உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ரூபாயில் எடுப்பதே பெரும்பாலும் மலிவு. என்ஆர்இ கார்டு இருந்தால் இந்தப் பேச்சே இல்லை, சொந்த வங்கி ஏடிஎம்மில் இலவசமாக எடுக்கலாம். அதே கார்டை மறந்தும் சிங்கப்பூரிலோ துபாயிலோ பயன்படுத்த வேண்டாம், அங்கே 3.5 சதவீதம் வரை மார்க்கப் என்கிற நாணய மாற்றுக் கட்டணமும் அதன்மேல் கட்டணமும் ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். சிங்கப்பூர், அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் உள்ளிட்ட பல நாட்டுப் போன் நம்பரிலேயே யுபிஐ வைத்துக்கொள்ள, அதை நடத்துகிற என்பிசிஐ 2023இல் அனுமதித்துவிட்டது. உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று கணக்கு தொடங்கும் முன்பே கேளுங்கள்.

பணம் அனுப்பும் வழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்சேஞ்சோ ஆப்போ, கட்டணம் இல்லை என்ற விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அனுப்பும்போது ரேட்டில் 50 காசு குறைத்தால் அங்கேயே 500 ரூபாய் போனது. கடைசியில் கைக்கு எத்தனை ரூபாய் வருகிறது என்ற ஒரு எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். வெளிநாட்டுப் பணமாகவே வந்து இந்திய வங்கியில் ரூபாயாக மாறினால் அதற்கும் ஜிஎஸ்டி உண்டு, குறைந்தது 45 ரூபாய். 10,000 வீதம் நான்கு தடவை மாற்றினால் 180 ரூபாய், 40,000ஐ ஒரே தடவையில் மாற்றினால் 72 ரூபாய். உண்டியலில், அதாவது வங்கி வழியில்லாமல் ஆள் மூலம் அனுப்பினால், ரேட் கூடக் கிடைக்கிறது என்று சொல்வார்கள். அது சட்டவிரோதம், பணம் தொலைந்தால் கேட்க நாதியில்லை, நீங்கள் உழைத்துச் சம்பாதித்தது என்பதற்கு ஒரு காகிதமும் மிஞ்சாது. வேண்டாம்.

கணக்கு தொடங்கிய பிறகும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இரண்டு வருஷம் நீங்கள் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் கணக்கு முடங்கிய கணக்காகிவிடும். அதைத் திரும்ப உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, ஆனால் கேஒய்சி என்கிற அடையாள ஆவணங்களைப் புதுப்பிக்க விடுமுறையில் ஒரு நாள் போய்விடும். ஓடிபி வருகிற இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள், இல்லையென்றால் வெளிநாட்டு நம்பருக்கும் மின்னஞ்சலுக்கும் ஓடிபி அனுப்புகிற வங்கியைத் தேர்ந்தெடுங்கள். நாமினி பெயரை இன்றைக்கே சரிபாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கிய கணக்கில் இன்னும் அப்பா பெயரே இருக்கலாம். 2025 நவம்பரிலிருந்து நான்கு பேர் வரை நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம். நாமினி இருந்தால் உரிய ஆவணங்கள் கொடுத்த 15 நாளில் வங்கி பணத்தைத் தர வேண்டும்.

ஊருக்கே திரும்பி வந்து தங்கிவிட்டால் என்ஆர்இயைத் தாமதிக்காமல் சாதாரணக் கணக்காக மாற்றச் சொல்ல வேண்டும். டாலரிலோ பவுண்டிலோ எஃப்சிஎன்ஆர் (வெளிநாட்டுப் பணமாகவே போடும்) வைப்பு வைத்திருப்பவர் மட்டும் அதை முதிர்வு நாள்வரை அதே வட்டியில் தொடரலாம், அவசரப்பட்டு உடைக்க வேண்டாம். வைப்பு போட்டு ஒரு வருஷம் ஆவதற்குள் உடைத்தால் வட்டியே கிடையாது.