அணிகளை இணைக்கும் நம்பை: ஒரு பயனரின் மதிப்புரை

பைத்தான் என்னும் கணினி மொழியில் எண்களைக் கட்டுக்கட்டாகக் கையாள்பவர்களுக்கு நம்பை (NumPy) என்னும் மென்பொருள் நூலகம் புதிதல்ல. நியூமெரிக் என்ற பழைய நூலகத்தின் மேல் நம்அரே என்ற மற்றொரு நூலகத்தின் சிறப்புகளையும் சேர்த்து டிராவிஸ் ஒலிஃபண்ட் உருவாக்கிய இதன் 1.0 பதிப்பு 2006இல் வெளிவந்தது. இணைப்பிலேயே பிறந்த இந்நூலகம் அணிகளை, அதாவது வரிசையாக அடுக்கிய எண் தொகுப்புகளை, எவ்வளவு நன்றாக இணைக்கிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

இவ்வேலையின் முதுகெலும்பு, அணிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும் கான்கேட்டனேட் என்னும் செயற்கூறுதான். இணைக்கும் அச்சைத் (நிரை, நிரல் போன்ற திசையைத்) தவிர மற்ற அச்சுகளின் அளவுகள் பொருந்தாவிட்டால் அது உடனே பிழை காட்டி நின்றுவிடுகிறது. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அணிகளை ஒரே அடைப்புக்குள் தொகுத்துத் தராமல் தனித்தனியாகத் தந்தால் வரும் பிழைச்செய்தி, காரணத்தைச் சொல்லாமல் வேறெதையோ பேசிப் புதியவர்களைச் சுற்றலில் விடுகிறது. 2015இல் வந்த 1.10 பதிப்பில் சேர்ந்த ஸ்டாக், அடுக்குவதற்கென ஒரு புதிய அச்சையே உண்டாக்குகிறது. நான்கு எண்கள் கொண்ட மூன்று அணிகளைக் கான்கேட்டனேட் பன்னிரண்டு எண்களின் ஒரே நீளமாக்கும். ஸ்டாக்கோ மூன்று நிரைகளும் நான்கு நிரல்களும் கொண்ட அணியாக்கும்.

என் குறையெல்லாம், அணியின் கடைசியில் எண்களை ஒட்டித் தரும் அப்பெண்ட் மீதுதான். பைத்தான் பட்டியலில் இதே பெயருள்ள செயல் இருக்கும் பட்டியலையே நீட்டுவதால், இதுவும் அப்படித்தான் என்று நம்பி வருபவர்கள் ஏமாறுகிறார்கள், ஏனெனில் இது ஒவ்வொரு முறையும் பழைய அணி முழுவதையும் படியெடுத்துப் புதிய அணி ஒன்றைத் தருகிறது. வெறும் அணியில் தொடங்கி ஒவ்வோர் எண்ணாக 10,000 முறை ஒட்டினால், ஏறத்தாழ 5 கோடி எண்கள் வீணாகப் படியெடுக்கப்படும். எண்களை முதலில் சாதாரணப் பட்டியலில் சேர்த்து, கடைசியில் ஒரே முறை அணியாக்குவதே சிக்கனம். இதைவிட மோசமானது, அச்சைக் குறிப்பிட மறந்தால் இரண்டு நிரை, மூன்று நிரல் கொண்ட இரு அணிகளையும் எச்சரிக்கை ஏதுமின்றித் தட்டையாக்கிப் பன்னிரண்டு எண்களாகத் தந்துவிடுவது. பிழை காட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

அணிகளை மேல்கீழாக அடுக்கும் வீஸ்டாக், பக்கவாட்டில் சேர்க்கும் எச்ஸ்டாக் இரண்டும் வசதியானவை, அவ்வளவே. 2024இல் வந்த 2.0 பதிப்பு கான்கேட்டனேட்டுக்குக் கான்கேட் என்ற சுருக்கப் பெயரையும் தந்திருப்பதால் தட்டச்சு வேலை சற்றுக் குறைகிறது.

எண்வகைகளில் மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும். குறியுள்ள (எதிர்ம எண்களையும் ஏற்கும்) 64 பிட் முழு எண்களையும் குறியற்ற (எதிர்ம எண்களை ஏற்காத) 64 பிட் முழு எண்களையும் இணைத்தால் விளைவு தசம எண்வகைக்கு மாறிவிடுகிறது. 15 இலக்கங்களுக்கு மேல் நீளமான அடையாள எண்களின் கடைசி இலக்கங்கள் அதில் சத்தமில்லாமல் மாறிப்போகக்கூடும். 1.20 பதிப்பு முதல் விளைவின் வகையை நாமே குறிப்பிட்டு, பாதுகாப்பான மாற்றத்தை மட்டும் ஏற்கும்படி கட்டளையிட முடிகிறது. அப்போது முழு எண் வகையைக் கேட்டால் இத்தகைய கலப்பு பிழையாகவே நின்றுவிடும். அந்த வசதிக்காகவே நான் அப்பெண்டைக் கைவிட்டு, எல்லா இணைப்புக்கும் கான்கேட்டனேட்டையே எழுதுகிறேன்.