வைரஸ் தாக்கிய செல்கள்: நான்கு ஸ்லைடு பெட்டி வாங்கிப் பார்த்தேன்

திருமங்கலம் பக்கம் அரசுப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறேன். மதுரை டவுன் ஹால் ரோடு பக்கம் ஓர் அறிவியல் உபகரணக் கடையில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் இந்த ஸ்லைடு பெட்டியைப் போன மாதம் வாங்கினேன். 1,600 ரூபாய், கைக்காசு.

முதலில் வைத்தது கோழி அம்மை. தோல் செல்கள் உப்பிப் பெருத்திருக்கின்றன. உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தில் ரோஜா நிறத்தில் பெரிய உருண்டை. உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டுக் கிடக்கிறது. வைரஸ் துகள்கள் திரண்டிருக்கும் போலிஞ்சர் உருண்டை என்பது இதுதான். "டீச்சர், எங்க சேவக் கொண்டையில பொருக்கு கட்டிருந்துச்சே, அதுக்குள்ள இதுவா இருந்துச்சு?" என்று கேட்ட பிள்ளை லென்ஸை விட்டு எழுந்திருக்கவே இல்லை. இந்த ஒரு ஸ்லைடுக்கே கொடுத்த காசு தகும்.

அடுத்தது வெறிநோய் கண்ட நாயின் சிறுமூளை. 400 மடங்கில் தேடிப் பிடித்து, ஸ்லைடுக்கும் லென்ஸுக்கும் நடுவே எண்ணெய் விட்டு 1000 மடங்குக்குப் போனால் பர்கின்ஜி செல் என்ற பெரிய நரம்பு செல்லுக்குள் சிவப்பு மணிகள் பளிச்சென்று தெரிகின்றன. 1903-இல் இத்தாலிய மருத்துவர் அடெல்கி நெக்ரி இவற்றைக் கண்டபோது ஏதோ ஒட்டுண்ணி என்றே நினைத்தார். வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளும் பட்டறை இது என்பது இன்று தெரியும். வெறிபிடித்த எல்லா மூளையிலும் இந்த மணி அகப்படாது. காணவில்லை என்பதால் நோய் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. பெட்டியோடு வந்த தாளில் இதை ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

சைட்டோமெகலோ வைரஸ் ஸ்லைடில் ஆந்தைக் கண் போன்ற உட்கரு அருமையாக இருக்கிறது. முதலில் தந்ததில் காற்றுக் குமிழ் இருந்தது. மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள். பாப்பிலோமா வைரஸ் (HPV) தாக்கிய கர்ப்பப்பை வாய் செல் ஸ்லைடில் சுருக்கம் விழுந்த உட்கருவும் சுற்றிலும் வெள்ளை வளையமும் தெரிகின்றன, சாயம்தான் கொஞ்சம் வெளிறல்.

பெரிய குறை, பக்கத்தில் வைத்துப் பார்க்க நோயில்லாத திசு ஒன்றுகூட இல்லை. நல்ல செல்லைப் பார்க்காத பிள்ளைக்கு எது மாறியது என்று எப்படித் தெரியும்? சாதாரண சிறுமூளை ஸ்லைடு ஒன்றைத் தனியாக 200 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்த பிறகுதான் வகுப்புக்கே பிடிபட்டது.

இன்னொன்று, இவை எல்லாம் பதப்படுத்திய செல்கள். உயிருள்ள செல் வைரஸ் புகுந்ததும் உருண்டு, பிடிமானம் விட்டுக் கழன்று மிதப்பதை இதில் காட்ட முடியாது. அதற்கு வீடியோதான் வழி.

வாங்குகிறவர்கள் பார்த்து முடித்ததும் எண்ணெயைத் துடைத்துப் படுக்கை வசமாக வையுங்கள். நம்ம ஊர் வெயில் படும் ஜன்னலோரம் மட்டும் வேண்டாம், சாயம் போய்விடும்.