கெட்ட பேக்லிங்க்: விட்டுவிடுவதா, கெஞ்சிக் கழற்றுவதா, டிஸவோ போடுவதா?

"அண்ணே, எவனோ நம்ம சைட்டுக்குச் செய்வினை வச்சுட்டான்." காலை எட்டு மணிக்கு இப்படி ஒரு போன். பேசியவர் பட்டுச்சேலைக் கடை வைத்திருக்கும் என் கிளையன்ட். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் லிங்குகள் இருக்கும் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். கேசினோ தளம், மாத்திரை விற்கும் தளம், வால்பேப்பர் படங்களைத் திருடிப் போடும் தளம் என்று வாயில் நுழையாத பெயர்களில் இருநூறு முந்நூறு டொமைன்கள், அதாவது தள முகவரிகள், அவர் கடையின் தளத்துக்கு லிங்க் கொடுத்திருந்தன. இப்படி வெளியிலிருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க்தான் பேக்லிங்க். போதாக்குறைக்கு ஒரு எஸ்இஓ டூல் (தேடலில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் வேலைக்கான கருவி), 'நச்சு லிங்க்' என்று சிவப்பில் மதிப்பெண் போட்டுக் காட்டியிருக்கிறது.

அவர் பயத்துக்கு வரலாறு உண்டு. 2012 ஏப்ரல் 24 அன்று கூகுள் பென்குயின் அப்டேட்டை, அதாவது லிங்க் மோசடியைப் பிடிக்கும் தேடல் மாற்றத்தை, இறக்கியபோது, ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதம் அசைந்தது. தேடலில் மேலே வரக் காசு கொடுத்து லிங்க் வாங்கிய தளங்கள் ஒரே இரவில் காணாமல் போயின. சிக்கியவர்கள் லிங்குகளைச் சுத்தம் செய்துவிட்டு, அடுத்த பென்குயின் ஓடும் வரை மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். 2016 செப்டம்பரில் வந்த நான்காம் பென்குயின் இதை மாற்றியது. கெட்ட லிங்கைக் கண்டால் தளத்தை அடிப்பதற்குப் பதிலாக, அந்த லிங்கின் மதிப்பைப் பூஜ்யமாக்கிவிட்டுப் போகும் முறை வந்தது. ஆனால் நம் ஊர் எஸ்இஓ பேச்சு இன்னும் 2012லேயே நிற்கிறது.

வழிகள் மூன்று: சும்மா இருப்பது, லிங்க் வைத்தவரிடம் கெஞ்சிக் கழற்றுவது, 'இதை எண்ணாதே' என்று கூகுளிடமே எழுதிக் கொடுக்கும் டிஸவோ. எந்த வழி என்று யோசிக்கும் முன் நான் கேட்பது ஒரே கேள்வி: இந்த லிங்கை வைத்தது யார்? நீங்களா, உங்களுக்காக வேலை பார்த்த ஏஜென்சியா, இல்லை யாரோ முகம் தெரியாதவனா?

யாரோ வைத்தது என்றால் முதல் வழி போதும்: சும்மா இருப்பது. பத்தில் ஒன்பது பேருக்கு என் சிபாரிசு இதுதான். தளம் என்று ஒன்று இருந்தால் குப்பை லிங்க் வரத்தான் செய்யும், வீட்டுத் திண்ணையில் நோட்டீஸ் விழுவது மாதிரி. 'நச்சு லிங்க்' என்ற கணக்கே கூகுளிடம் கிடையாது, அது டூல் கம்பெனிகள் வைத்த பெயர் என்று கூகுளின் ஜான் முல்லர் பலமுறை சொல்லிவிட்டார். இந்த வழிக்குச் செலவும் இல்லை, கை தவறி நல்லதை வெட்டும் அபாயமும் இல்லை. ஒரே கஷ்டம், ஒன்றும் செய்யாமல் இருந்ததற்கு கிளையன்டிடம் பில் போட முடியாது. டிஸவோ இவ்வளவு பிரபலமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

நீங்களே வைத்த லிங்க் என்றால் கதை வேறு. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், அமெரிக்காவின் ஜேசி பென்னி கடை சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் லிங்க் வைத்துத் தேடலில் முதலிடம் பிடித்திருப்பதை அம்பலப்படுத்தியது. கூகுள் ஆட்களே பார்த்துக் கையால் நடவடிக்கை எடுத்தார்கள். ஒரு சூட்கேஸ் தேடலில் மாலை ஏழு மணிக்கு முதலிடத்தில் இருந்த கடை, இரண்டே மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குப் போனது. இதற்குப் பெயர்தான் மேனுவல் ஆக்‌ஷன். சர்ச் கன்சோலில் அதற்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே அறிவிப்பு வந்துவிட்டால் சும்மா இருக்கும் வழி அடைபட்டது என்று பொருள்.

அப்போதுதான் இரண்டாவது வழிக்கு வேலை: லிங்க் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் மெயில் போட்டுக் கழற்றச் சொல்வது. நாய் படாத பாடு. நூறு மெயில் போட்டால் பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வராது. வரும் பதிலிலும் சிலர், 'கழற்றுகிறோம், இவ்வளவு ஆகும்' என்று கை நீட்டுவார்கள். ஆனாலும் கூகுள் எதிர்பார்ப்பது இந்த உழைப்பைத்தான். பாடல் வரிகளுக்கு விளக்கம் தரும் ராப் ஜீனியஸ் தளம், ஜஸ்டின் பீபர் பாடல்களுக்கு லிங்க் கொடுக்கச் சொல்லி எழுதிய மெயில் வெளியே வந்ததில் 2013 கிறிஸ்துமஸ் அன்று மாட்டிக்கொண்டது. அதன் சொந்தப் பெயரைத் தேடினால்கூட முதல் பக்கத்தில் வரவில்லை. உட்கார்ந்து புரோகிராம் எழுதி ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேலான பக்கங்களை எடுத்து அலசினார்கள். ஆள்களைப் பிடித்துக் கழற்ற முடிந்ததைக் கழற்றினார்கள், மீதியை டிஸவோ செய்தார்கள். பத்தே நாளில் திரும்பினார்கள். இரண்டாவது வழியும் மூன்றாவதும் போட்டியாளர்கள் அல்ல, ஒன்றுக்குப் பின் ஒன்று என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

மூன்றாவது, டிஸவோ. 'இந்த லிங்குகளைக் கணக்கில் எடுக்காதே' என்று கூகுளிடம் கொடுக்கும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். 2012 அக்டோபரில் வந்தது. வரிக்கு ஒரு முகவரி எழுத வேண்டும். முழுத் தளத்தையும் ஒதுக்க 'டொமைன்' என்று ஆங்கிலத்தில் எழுதி முக்காற்புள்ளி வைத்துப் பெயரை எழுத வேண்டும். 2 எம்பிக்கும் ஒரு லட்சம் வரிக்கும் மேல் போகக் கூடாது. எழுத ஐந்து நிமிடம். ஆபத்தும் அங்கேதான். ஒரு முகவரியை எழுத வேண்டிய இடத்தில் டொமைனை எழுதினால் அந்தத் தளத்திலிருந்து வரும் நல்ல லிங்கும் சேர்ந்து போகும். புது ஃபைல் ஏற்றினால் பழையது முழுதாக அழிந்துவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது. 'நேற்று விட்டுப்போன பத்து' என்று பத்தே வரியை ஏற்றிவிட்டு, முன்பு போட்ட ஐந்நூறையும் பறிகொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிங் இதே வசதியை நான்கு மாதம் முன்பே, 2012 ஜூனில் கொண்டுவந்து, தேவையில்லை என்று 2023இல் மூடியேவிட்டது. கூகுள் மூடவில்லை. ஆனால் எச்சரிக்கைப் பலகை மாட்டி, சர்ச் கன்சோல் மெனுவில் காட்டாமல் தனிப் பக்கத்தில் வைத்திருக்கிறது.

வேறு வழிகளும் உண்டு. குப்பை லிங்க் எல்லாம் ஒரே உள்பக்கத்தைக் காட்டினால் அந்தப் பக்கத்தையே எடுத்துவிடலாம். 'பக்கம் இல்லை' என்று 404 காட்டும் பக்கத்துக்கு வரும் லிங்க் கணக்கில் சேராது. முகப்புப் பக்கத்துக்கு இது ஆகாது. புது டொமைனுக்குக் குடிபோவது கடைசி வழி. பழையதற்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட் வைத்தால் பழைய வினையும் கூடவே வரும் என்பதால் பெயரையும் வாடிக்கையாளர் பழக்கத்தையும் தூக்கி எறிந்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அதிகம் பேர் ஏமாறும் இடம் இன்னொன்று. மேனுவல் ஆக்‌ஷன் இல்லை, ஆனால் ரேங்க் விழுந்திருக்கிறது. 2022 டிசம்பரில் கூகுள் ஸ்பேமைப் பிடிக்கும் தன் ஏஐ அமைப்பான ஸ்பேம்பிரெய்னை லிங்குகள் மீது ஏவியபோது பலருக்கு இதுதான் நடந்தது. வாங்கிய லிங்குகள் தண்டனை வாங்கித் தரவில்லை, செல்லாக்காசாயின. முட்டுக்கொடுத்த கம்பை உருவினால் பந்தல் சரியத்தானே செய்யும்? அந்தக் கம்பை டிஸவோ செய்தால் பந்தல் எழும்பாது. இந்த நிலைமைக்கு மேலே சொன்ன எந்த வழியும் மருந்தல்ல.

பட்டுச்சேலைக்காரருக்கு வருகிறேன். மேனுவல் ஆக்‌ஷன் பக்கம் சுத்தமாக இருந்தது. டிராஃபிக்கும் போன ஆடி மாதம் போலவே இருந்தது. "ஒன்னும் பண்ண வேணாம்ணே" என்றேன். அவருக்கு மனசு ஆறவில்லை. இரண்டு வாரம் கழித்து வேறொருவரைப் பிடித்து, டூல் சிவப்பில் காட்டிய அத்தனையையும் ஃபைலில் ஏற்றிவிட்டார். அந்தப் பட்டியலில் இரண்டு திருமண மண்டபங்களும், அவர் பத்து வருடமாகச் சேலை வாங்கும் ஒரு நெசவாளர் சங்கத்தின் தளமும் இருந்தன. பழைய டிசைன் தளம் என்பதால் டூலுக்கு அது பிடிக்கவில்லை போலிருக்கிறது. அந்த மூன்று வரியையும் எடுத்துவிட்டு ஃபைலை மறுபடி ஏற்றினோம். கூகுள் அந்தப் பக்கங்களை மறுபடி வந்து படிக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். காலை எட்டு மணி போன் இன்னும் நிற்கவில்லை.