ஆமைக்கு நைட் ஷிப்ட்: டைமரோடு ஆறு வருடம்

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார்: "ஏனுங்ண்ணா, ஆமைத் தொட்டி லைட்டுக்கு எந்த டைமருங்க வாங்கறது?" மகள் அடம்பிடித்தாள் என்று சிவப்புக் காது ஆமை வாங்கியிருக்கிறார். இப்போதைக்குப் பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு மோர் சாதத்தைப் பார்த்திருக்கலாம். முடியவில்லை. இரண்டு நாள் முன்னால்தான் என் டிஜிட்டல் டைமரை மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரி பண்ணி வாங்கி வந்திருந்தேன். அந்த எரிச்சல் அடங்கவில்லை.

எங்கள் வீட்டு ஆமையின் பெயர் மணி. இந்தக் கதைக்காக வைத்த பெயர் இல்லை, பையன் வைத்தது. மூன்றடித் தொட்டி, ஏறி உட்கார ஒரு கல், அதற்கு மேலே 50 வாட் ஹாலஜன், பக்கத்தில் 26 வாட் யுவிபி விளக்கு, அதாவது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரில் ஒரு வகையைத் தருவது. காலை 8 மணிக்கு எரிய வேண்டும், மாலை 7 மணிக்கு அணைய வேண்டும். "ஜன்னலோரம் வெச்சாப் பத்தாதுங்களா?" என்று தம்பியும் கேட்டார். பத்தாது. ஓடு கெட்டிப்பட கால்சியம் வேண்டும், அந்தக் கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும், அதைத் தோலில் உண்டாக்குவது யுவிபி கதிர். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், அந்தக் கதிரை விடாது. அதனால் விளக்கு வேண்டும். விளக்கைத் தினமும் போட்டு அணைக்க எனக்கு ஞாபகம் இருக்காது, அதனால் டைமர் வேண்டும்.

முதலில் வாங்கியது சக்கரம் சுற்றுகிற பழைய மாடல். சுற்றிலும் 96 பற்கள், ஒவ்வொன்றும் கால் மணி நேரம். எரிய வேண்டிய நேரத்துக்கான பற்களை அமுக்கிவிட்டால் முடிந்தது. மேனுவல் தேவையில்லை. காதை வைத்தால் உள்ளே சின்னதாக ஒரு ர்ர்ர் சத்தம். உள்ளே இருக்கும் குட்டி மோட்டார் நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸைப் (வினாடிக்கு 50 அலை) பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறது. கரண்ட் இருக்கும்வரை நேரம் தவறாது.

கரண்ட் இருக்கும்வரை. கோயம்புத்தூரில் இருப்பவர்களுக்குத் தெரியும், மாதம் ஒருநாள் பராமரிப்புக்காக எங்கள் துணை மின்நிலையத்தை நிறுத்துவார்கள். காலை 9 முதல் மாலை 4 வரை. அந்த ஏழு மணி நேரமும் சக்கரம் அப்படியே நிற்கும். 4 மணிக்குக் கரண்ட் வந்ததும், ஒன்றுமே நடக்காதது மாதிரி 9 மணியிலிருந்து மறுபடி ஓட ஆரம்பிக்கும். 7 மணிக்கு அணைய வேண்டிய விளக்கு ராத்திரி 2 மணிக்கு அணையும். மறுநாள் 8 மணிக்கு எரிய வேண்டியது மதியம் 3 மணிக்கு எரியும். முதல் தடவை நான் கவனிக்கவே இல்லை. தண்ணீர் குடிக்க எழுந்த அம்மாதான், ஹாலில் பகல் மாதிரி வெளிச்சமும் கல் மேல் காலை நீட்டிக்கொண்டு மணியும் இருப்பதைப் பார்த்துவிட்டுக் காலையில் கேட்டார்: "ஏன் கண்ணு, ஆமைக்கு நைட் ஷிப்ட் போட்டுட்டியா?" அம்மா மில்லில் வேலை பார்த்தவர்.

பெரிய ஷட்டவுனையாவது பேப்பர் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அரை மணி, முக்கால் மணி என்று மழைக்குப் போய் வருகிறதே, அது சேர்ந்து சேர்ந்து மாதக் கடைசியில் இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிப்போயிருக்கும். சக்கரத்தைத் திருப்பி நேரம் வைப்பது பத்து வினாடி வேலைதான், ஆனால் வைக்க வேண்டும் என்று தோன்ற வேண்டுமே. இன்வெர்ட்டர் லைனில் மாட்டிப் பார்த்தேன். எங்களுடையது பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், வழவழப்பான அலையாக இல்லாமல் கட்டம் கட்டமாகக் கரண்ட் தருவது. அதில் ஓடும்போது டைமர் வண்டு மாதிரி இரைந்தது. போதாததற்கு, வெயில் காலத்தில் ஃபேனுக்கே மிச்சம் பிடிக்கிற பேட்டரியில் ஆமைக்கு ஹாலஜன் எரிவதை வீட்டில் யாரும் ரசிக்கவில்லை.

இரண்டு வருடம் பொறுத்துவிட்டு டிஜிட்டலுக்கு மாறினேன். அதைப் பற்றி நல்லதாகவே நிறையச் சொல்லலாம். கரண்ட் போனாலும் உள்ளே இருக்கும் செல் நேரத்தைக் காப்பாற்றும். நிமிடக் கணக்கில் வைக்கலாம். சத்தம் கிடையாது, நேரமானால் ஒரே ஒரு 'டக்'. இந்த 'டக்'தான் நான் எதிர்பாராத சந்தோஷம். சில மாதங்களில் மணி அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. காலையில் அந்தச் சத்தம் கேட்டால், தண்ணீருக்கு அடியில் கிடப்பது கழுத்தை நீட்டி, முன்னங்காலைக் கல்லில் போட்டு, ஒருதரம் வழுக்கி, மறுபடி ஏறும். ஏறியதும் பின்னங்கால் இரண்டையும் விரல் விரித்து நீட்டிக்கொள்ளும். காபி டம்ளரோடு இதைப் பார்க்கவே 8 மணிக்கு ஹாலில் ஆஜராவேன். நான்கு வருடம் இந்த டைமரைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சிபாரிசு செய்திருக்கிறேன்.

ஒரு குறை உண்டு. ஆன், ஆட்டோ (வைத்த நேரப்படி ஓடுவது), ஆஃப் மூன்றுக்கும் ஒரே பட்டன். ஆஃப் பக்கத்திலிருந்து ஆட்டோவுக்கு வந்தால், அடுத்து எரிய வேண்டிய நேரம் வரை அணைந்தே இருக்கும். நடுப்பகலில் தொட்டி கழுவ அணைத்துவிட்டு ஆட்டோவில் விட்டால், அன்றைக்கு வெளிச்சம் அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆனது. மேனுவலில் இருக்கிறது, எறும்பு எழுத்தில்.

அப்புறம் போன மாதம். மூன்று நாள் ஊருக்குப் போயிருந்தோம், எல்லோருமாக. நடுவில் மாதாந்திர ஷட்டவுன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் ஹால் இருட்டு. டைமர் திரையில் 12:00 கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. வைத்திருந்த நேரமெல்லாம் துடைத்து எடுத்த மாதிரிக் காணோம். மணி கல்லுக்கு அடியில் தலையை உள்ளிழுத்துக் கிடந்தது, இரண்டு நாள் தீவனத்தையும் தொடவில்லை.

மெக்கானிக் பிரித்துக் காட்டினார். சட்டைப் பட்டன் அளவில் 1.2 வோல்ட் செல் ஒன்று, போர்டிலேயே சால்டர் பண்ணி, விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது. சார்ஜ் ஏறி இறங்கும் செல், அதற்கும் ஆயுசு உண்டு. நாமே மாற்றுகிற மாதிரி ஒரு மூடி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. திருகாணிகூடச் சாதாரண ஸ்க்ரூடிரைவருக்கு அடங்காத முக்கோணத் தலை. பெரிய செல்லாக ஒன்றை ஒயர் இழுத்து வெளியே தொங்கவிடலாமே என்று கேட்டேன். முறைத்தார். "மெயின் கரண்ட்டைப் பிரிச்சு வைக்க இதுல டிரான்ஸ்பார்மரே கிடையாதுங்க. வெளிய ஒயர் இழுத்தா, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல மெயின் கரண்ட்டைத் தொங்க விட்ட மாதிரி." அதே அளவு செல்லைத் தேடிப் போட்டு, கூலியோடு 120 ரூபாய் வாங்கினார். இப்போது நன்றாக ஓடுகிறது.

வைஃபை பிளக்கையும் ஒரு மாதம் முயன்றேன். அதில் செல்லே இல்லை, கரண்ட் வந்ததும் நேரத்தை இன்டர்நெட்டில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். எங்கள் தெருவில் கரண்ட் போனால் நெட்டும் போகும், வருவதென்னவோ கடைசியில்தான். சரி, விடுங்கள்.

தம்பிக்கு என்ன சொன்னேன்? சக்கர டைமரையே வாங்கச் சொன்னேன். இவ்வளவு திட்டிவிட்டு அதையேவா என்று நீங்கள் கேட்கலாம். அது நேரத்தை மறக்கும், வேலையை மறக்காது. ராத்திரி 2 மணி வரை எரிந்தாலும், ஓடத் தொடங்கிய பிறகு பதினோரு மணி நேரம் எரியும், பதிமூன்று மணி நேரம் அணையும். டிஜிட்டல் நான்கு வருடம் நிமிடம் தவறாமல் நடந்துவிட்டு, நான் இல்லாத நாளாகப் பார்த்துக் கையை விரித்தது. கோபத்தில் சொல்கிறேனோ என்னவோ. என் வீட்டில் இன்றைக்கும் அந்த டிஜிட்டல்தான் ஓடுகிறது, அதைக் கழற்றப் போவதும் இல்லை. 8 மணிக்கு 'டக்' கேட்காமல் காபி இறங்காது.

கூடவே வேறு இரண்டு விஷயமும் சொன்னேன். டைமருக்கு வரும் ஒயர் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கி ஏற வேண்டும், தண்ணீர் வழிந்தாலும் அங்கேயே சொட்டிவிடும். அப்புறம், இந்த ஆமை ஒரு அடி வரை வளரும், இருபது முப்பது வருடம் இருக்கும். பெரிசானதும் சிங்காநல்லூர் குளத்தில் விட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலிருந்து வந்த இனம், நம் குளத்து ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சனிக்கிழமையே சக்கர டைமர் வாங்கிவிட்டதாகப் போட்டோ அனுப்பினார், மகள் பற்களை அமுக்குகிற மாதிரி. அவர்கள் ஏரியாவில் ஷட்டவுன் இந்த வியாழக்கிழமை. நைட் ஷிப்ட் விஷயத்தை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.